வீட்டு வரியும் காவலர் கூலியும்

நகராட்சி வரி ரசீதை முழுவதும் படிப்போர் சிலரே. தொகை எவ்வளவு, கடைசி நாள் எது என்ற இரண்டையும் பார்த்துவிட்டு மடித்து வைப்பதே நம்மில் பெரும்பாலோரின் வழக்கம். ஆயினும் அந்த ரசீதுக்கு ஆதாரமான வரிவிதிப்புப் பதிவேட்டில் 'ஆண்டு மதிப்பு' என்றொரு கட்டம் நெடுங்காலம் இருந்து வந்தது. வீட்டின் விலையை அது குறிப்பதில்லை. வீட்டுக்காரரின் வருமானத்தையும் குறிப்பதில்லை. அவ்வீட்டை வாடகைக்கு விட்டால் ஓராண்டில் நியாயமாக எவ்வளவு கிடைக்கும் என்று நகராட்சி கணித்த தொகையே அது. அத்தொகையில் இத்தனை விழுக்காடு என்று கணக்கிட்டே வீட்டு வரி பிறக்கிறது.

சொந்த வீட்டில் குடியிருப்பவருக்கு எவரும் வாடகை தருவதில்லை. பாட்டனார் கட்டிய வீட்டில் பேரன் வாழ்கிறான். அவ்வீட்டால் அவனுக்கு ஒரு காசும் வரவில்லை. அங்ஙனமிருக்க, வராத வாடகையின் மீது வரி எப்படி விதிக்கலாம்? இக்கேள்வியை இன்று கேட்டால் நகராட்சி அலுவலர் புன்னகை புரிவார். 1810ஆம் ஆண்டின் இறுதியில் காசி மாநகரமே கடைகளை அடைத்துவிட்டு இக்கேள்வியைக் கேட்டது. ஆறாண்டுகளுக்குப் பின் பரேலியில் ஒரு முதிய முஃப்தியின் பின்னால் திரண்ட மக்கள் இதனோடு இன்னொரு கேள்வியையும் சேர்த்துக் கேட்டார்கள். முந்நூறுக்கும் மேற்பட்டோர் அதற்காக உயிரிழந்தார்கள். இந்திய நகரங்களில் வீட்டு வரி வேரூன்றிய வரலாற்றில் இவ்விரு நிகழ்ச்சிகளும் உரிய இடத்தைப் பெறவில்லை என்பது நம் கருத்து. குறிப்பாகப் பரேலி நிகழ்ச்சியை மார்க்கச் சட்டத்தின் வெளிச்சத்தில் நோக்கியோர் மிகக் குறைவு.

ஆண்டு மதிப்பு என்னும் கருத்து ஆங்கில நாட்டிலிருந்து வந்தது. அங்கே 1601ஆம் ஆண்டின் ஏழையர் உதவிச் சட்டம், ஒவ்வொரு திருச்சபை வட்டமும் தன் ஏழைகளைத் தானே பேண வேண்டும் என்றும், அதற்கான செலவை அவ்வட்டத்தில் நிலமும் வீடும் கொண்டிருப்போர் பகிர்ந்து செலுத்த வேண்டும் என்றும் விதித்தது. ஒருவரின் சக்தியை எதனால் அளப்பது? அவர் வாழும் வீடு எவ்வளவு வாடகை பெறும் என்பதால் அளக்கலாம் என்ற வழக்கம் நாளடைவில் உறுதிப்பட்டது. 1836இல் இயற்றப்பட்ட மதிப்பீட்டுச் சட்டம், நியாயமாக எதிர்பார்க்கத்தக்க ஆண்டு வாடகையே அளவுகோல் என்று எழுதி வைத்தது. அந்த வீட்டுக்குக் குடிவரக்கூடிய கற்பனையான ஒரு குடித்தனக்காரரைச் சட்டம் மனத்தில் நிறுத்திக்கொண்டது. அவர் என்ன வாடகை தருவாரோ அதுவே மதிப்பு. பின்னாளில் நம் நகராட்சிச் சட்டங்களுக்குள்ளும் அவர் குடிபுகுந்துவிட்டார்.

கம்பெனியின் கையிலிருந்த மூன்று தலைமை நகரங்களில் இம்முறைக்கு 1793ஆம் ஆண்டின் பட்டயச் சட்டம் இடமளித்தது. தெருக்களைத் துப்புரவு செய்யவும், செப்பனிடவும், காவல் வைக்கவும் வீடுகளின் ஆண்டு மதிப்பில் பொதுவாக இருபதில் ஒரு பங்குக்கு மேற்படாமல் வரி தண்டலாம் என்பது விதி. சென்னை இதற்கும் முந்தைய அனுபவம் உடையது. கறுப்பர் நகரத்து மக்கள் 1680களிலேயே கம்பெனியின் வரி முயற்சிகளை எதிர்த்துக் கடையடைத்தவர்கள். அதன் பின்னர்தான் 1687 டிசம்பர் 30 நாளிட்ட பட்டயத்தின் வழியே சென்னைக்கு மாநகராட்சி வந்தது. தம் நகரின் நன்மைக்காகத் தாமே விதித்துக்கொள்ளும் வரி பெரிதாயினும் மக்கள் மனமுவந்து தருவர், மேலிருந்து ஆணையிட்டு விதிப்பது சிறிதாயினும் தர மறுப்பர் என்பது லண்டனில் கம்பெனியை நடத்திய ஜோசையா சைல்டின் கணக்கு. எதிர்பார்த்தபடி வரி வந்து குவியவில்லை என்பது வேறு கதை. சென்னை மத்திய ரயில் நிலையத்தை ஒட்டிச் செல்லும் வால்டாக்ஸ் சாலையின் பெயரில் இன்னொரு நினைவு தங்கியிருக்கிறது. பிரெஞ்சுப் படையின் 1758–59 முற்றுகைக்குப் பின் நகரைச் சுற்றி எழுப்பப்பட்ட மதிலின் செலவை நகரவாசிகளிடம் பெறக் கம்பெனி நினைத்ததன் அடையாளம் அப்பெயர்.

இவையெல்லாம் நகருக்காக நகரில் தண்டப்பட்ட வரிகள். 1810ஆம் ஆண்டின் 15ஆம் ஒழுங்குமுறைச் சட்டம் அத்தகையதன்று. கல்கத்தாவில் தெருவிளக்குக்கும் துப்புரவுக்கும் பயன்பட்ட அதே முறையைக் கம்பெனி அரசு வங்காளம், பீகார், ஒரிசா, காசி ஆகிய பகுதிகளின் நகரங்களுக்கு விரித்தது. ஆனால் வரும் பணம் அந்நகரங்களுக்குச் செல்லாமல் அரசின் பொதுக் கருவூலத்துக்குச் சென்றது. குடியிருக்கும் வீடுகளுக்கு ஆண்டு வாடகையில் 5 விழுக்காடு, கடைகளுக்கு 10 விழுக்காடு. உரிமையாளரே குடியிருக்கும் வீடாயின், அக்கம்பக்கத்து வீடுகளின் வாடகையோடு ஒப்பிட்டு மதிப்பு குறிக்கப்படும். வழிபாட்டிடங்களுக்கு விலக்கு உண்டு. ஏட்டில் படிக்கும்போது மிதமான வரியாகவே தோன்றும்.

காசி மக்கள் அவ்வாறு எண்ணவில்லை. 1810 டிசம்பர் கடைசி வாரத்தில் மதிப்பீட்டாளர்கள் வீடுகளைக் கணக்கெடுக்கத் தொடங்கியதும் நகரம் அசைவற்று நின்றது. கொல்லர்கள் முன்னின்று ஏனைய தொழிலாளரை அழைத்தார்கள். படகோட்டிகள் துடுப்பைக் கீழே வைத்தார்கள். கடைகள் மூடப்பட்டன. சடங்கு செய்ய ஆளின்றிச் சடலங்கள் அப்படியே கங்கையில் விடப்பட்டன என்று அங்கிருந்த மாஜிஸ்திரேட் பேர்ட் மேலிடத்துக்கு எழுதினார். மக்கள் வீடுகளை விட்டு வெளியேறித் திறந்தவெளியில் அமர்ந்தார்கள். கைகளில் ஆயுதம் இல்லை. ஒவ்வொரு தொழிலாரும் தத்தமக்குரிய இடத்தில் ஒழுங்காக அமர்ந்திருந்தார்கள். சில ஆண்டுகளுக்குப் பின் அவ்வழியே பயணம் செய்த பேராயர் ஹீபர் மூன்று லட்சம் பேர் என்று கேள்விப்பட்டதாக எழுதியிருக்கிறார். அது செவிவழி வந்த எண்ணிக்கை. அரசுக் கடிதங்கள் கூறுவது அதைவிட மிகக் குறைவு. எண்ணிக்கை எதுவாயினும் இது காந்தியடிகளுக்கு ஒரு நூற்றாண்டு முந்தைய ஒத்துழையாமை. அறிஞர் தரம்பால் லண்டன் ஆவணங்களிலிருந்து இக்கடிதங்களைத் தேடியெடுத்து 1971இல் நூலாக்கியிராவிட்டால் இவை இன்றும் அடுக்குகளில் உறங்கிக்கொண்டிருக்கும்.

அக்கடிதக் கட்டில் நம்மை மிகவும் ஈர்ப்பது நகரவாசிகள் சமர்ப்பித்த மனுவே. ஹிந்துக்களும் முஸ்லிம்களும் சேர்ந்து அளித்த அம்மனுவின் வாதங்கள் கூர்மையானவை. முந்தைய சுல்தான்கள் எவரும் குடிமக்கள் வாரிசாகவோ விலைக்கோ பெற்ற வீடுகளின் மீது கை வைத்ததில்லை என்பது முதல் வாதம். கடனுக்காக ஒருவரின் நிலபுலன்களை ஏலமிடும்போதுகூட அவர் குடியிருக்கும் வீட்டை விட்டுவிடுவதே வழக்கம் என்று அதற்குச் சான்றும் காட்டினார்கள். ஜகாத் பாடத்தை ஓதியவர்களுக்கு இவ்வாதம் புதியதன்று. குடியிருக்கும் வீடு 'ஹவாயிஜ் அஸ்லிய்யா', அதாவது அடிப்படைத் தேவைகளைச் சேர்ந்தது. அது வளரும் செல்வமன்று. ஆதலால் அதன் மீது ஜகாத் இல்லை என்பதே சட்ட அறிஞர்களின் நிலைபாடு. மனுவை எழுதியவர்களில் இதை அறிந்து எழுதியோர் இருந்தனரா என்பதற்கு ஆதாரம் இல்லை. ஆனால் வீடு வாழ்வதற்குரியது, ஈட்டுவதற்குரியதன்று என்ற ஒரே உணர்வு இரண்டிலும் பேசுகிறது.

இரண்டாவது வாதத்தில் நகைச்சுவையும் உண்டு. வழிபாட்டிடங்களுக்கு வரியில்லை என்று சட்டமே கூறுகிறது; காசியைச் சுற்றி ஐந்து குரோச தூரம் முழுவதும் வழிபாட்டிடமே என்று சாஸ்திரம் கூறுகிறது; பிறகு எங்கே வரி விதிப்பது? மூன்றாவது வாதம் கணக்கர்களுக்கு உரியது. நகரில் ஏறத்தாழ ஐம்பதாயிரம் வீடுகள். அவற்றில் பெரும்பகுதி கோயில், பள்ளிவாசல், தர்மத்துக்கு விடப்பட்ட இல்லங்கள். இவற்றைக் கழித்தால் எஞ்சியவற்றிலிருந்து கிடைக்கும் வரி 'பாடக்பந்தி' செலவுக்கே சரியாகிவிடும் என்றார்கள். பாடக்பந்தி என்பது ஒவ்வொரு மொஹல்லாவின் வாயிற்கதவையும் அதன் காவலரையும் பராமரிக்க மக்கள் தமக்குள் வகுத்திருந்த ஏற்பாடு. காவலுக்காக நாங்கள் ஏற்கெனவே கொடுத்துக்கொண்டிருக்கிறோம், இந்தப் புதிய வரி எதற்காக என்பதே இதன் உட்பொருள். அரசிடம் இதற்கு நேரான விடை இல்லை.

மனு நிராகரிக்கப்பட்டது. விதிகள் சில இடங்களில் தளர்த்தப்பட்டன. 1811 ஜனவரி இறுதியில் காசி மன்னரின் தலையீட்டோடு மக்கள் வீடு திரும்பினார்கள். எதிர்ப்பு அத்துடன் ஓயவில்லை. அதே ஆண்டு அக்டோபரில் பாகல்பூரில் கலெக்டரின் வண்டி மீது கல்லும் செங்கல்லும் பறந்தன. 1812ஆம் ஆண்டின் 7ஆம் ஒழுங்குமுறைச் சட்டத்தின் வழியே வீட்டு வரி நீக்கப்பட்டது. கூட்டத்துக்குப் பணிந்ததாகத் தோன்றக்கூடாது என்பதற்காகவே இடையில் ஓராண்டுக்கு மேல் அரசு காத்திருந்தது என்று அக்கடிதங்களைப் படிப்போருக்குத் தோன்றாமல் இராது.

இங்கே சற்று நின்று நம் பாடநூல் ஒன்றைத் திறப்போம். ஹனஃபி சட்ட நூலான 'ஹிதாயா'வில் கஃபாலா என்னும் பிணைப்பொறுப்புப் பாடத்தில் 'நவாயிப்' பற்றிய ஒரு சிறு பகுதி உண்டு. மாணவர்கள் அதை விரைந்து கடந்துவிடுவதை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். நவாயிப் என்றால் ஊர் மக்கள் மீது அவ்வப்போது வந்து விழும் பொதுச் சுமைகள். இமாம் மர்கீனானி (ரஹ்) (மறைவு ஹி. 593 / கி.பி. 1197) இவற்றை இரண்டாகப் பிரிக்கிறார்கள். முதல் வகை நியாயமானவை: பொதுவான ஆற்றுக் கால்வாயைத் தூர் வாருதல், மொஹல்லாவின் காவலருக்குக் கூலி, படையை ஆயத்தப்படுத்துதல், சிறைப்பட்டோரை மீட்டல் போன்றவற்றுக்காக விதிக்கப்படுபவை. இவற்றுக்கு ஒருவர் பிணை நின்றால் அது செல்லும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. இரண்டாம் வகை நியாயமற்றவை: ஆட்சியாளர்கள் காரணமின்றி வசூலிக்கும் தண்டல்கள். இவற்றுக்குப் பிணை நிற்பது செல்லுமா என்பதில் அறிஞர்கள் வேறுபட்டார்கள்.

பிற்கால ஹனஃபி நூல்களில் இதனோடு இன்னொரு குறிப்பும் வருகிறது; பரேலி நிகழ்ச்சியின் சமகாலத்தவரான திமிஷ்கின் இப்னு ஆபிதீன் (ரஹ்) (மறைவு ஹி. 1252 / கி.பி. 1836) அவர்களின் நூலிலும் அது உண்டு. இத்தகைய சுமைகளை மக்களிடையே நீதமாகப் பங்கிட்டுக் கொடுப்பவர், அந்த வசூலே முறையற்றதாக இருந்தாலும், நற்கூலிக்கு உரியவர் என்பதே அக்குறிப்பு. வரி விதிப்பது ஒரு செயல், அதை இன்னாருக்கு இவ்வளவு என்று பங்கிடுவது வேறொரு செயல் என்று சட்ட அறிஞர்கள் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். முன்னது அநீதியாக இருக்கும்போதும் பின்னதில் நீதிக்கு இடமுண்டு. நகராட்சி வரிவிதிப்பாளரின் மேசையில் நடைபெறுவது இந்தப் பின்னதே.

நகருக்கான வரி செல்லுமா என்ற கேள்வி அந்தலுஸிலும் எழுந்தது. கிரனாடா ஆட்சிக் காலத்தில் மதில் கட்ட மக்கள் மீது வரி விதிக்கப்பட்டபோது, மூத்த முஃப்தி இப்னு லுப் (ரஹ்) அது கூடாது என்று ஃபத்வா அளித்தார்கள். அவர்களிடம் பயின்ற இமாம் ஷாதிபி (ரஹ்) (மறைவு ஹி. 790 / கி.பி. 1388) பொதுநலனைக் கருதி, இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் ஆய்வை ஆதாரமாகக் கொண்டு, கூடும் என்றார்கள். கருவூலம் வெறுமையாக இருக்க வேண்டும், தேவை உண்மையாக இருக்க வேண்டும், வசூலித்தது அத்தேவைக்கே செலவாக வேண்டும் என்பன இக்கருத்தின் உயிர்நிலை. ஆசிரியரும் மாணவரும் ஒரே மதிலைப் பார்த்து இரு தீர்ப்பு வழங்கியிருப்பது ஈண்டு நோக்கத்தக்கது. வரியை முற்றாக மறுத்தோரும் நம்மிடையே இருந்தனர்; நிபந்தனையோடு ஏற்றோரும் இருந்தனர்.

இந்தப் பின்னணியோடு பரேலிக்குச் செல்வோம். ஹாஃபிஸ் ரஹ்மத் கானின் ரோஹில்லா ஆட்சியில் சிறந்திருந்த அந்நகரம் அவர் 1774இல் போரில் வீழ்ந்தபின் அவத் நவாபிடமும், 1801இல் கம்பெனியிடமும் சென்றது. வீட்டு வரியில் சூடுபட்ட கம்பெனி அரசு 1813–14இல் வேறொரு வழியை நாடியது. பெயர் 'சௌகிதாரி' வரி. நகரக் காவலருக்குரிய கூலியை அந்தந்த மொஹல்லாவின் வீட்டுக்காரர்களே பங்கிட்டுத் தர வேண்டும். கருவூலத்துக்குச் செல்லும் வரி என்று இதைக் குறை கூற முடியாது. ஹிதாயாவின் சொற்படி பார்த்தால் இது முதல் வகை. காவலர் கூலி என்பது அங்கே பெயர் சொல்லிக் கூறப்பட்ட உதாரணம். வியப்புக்குரிய செய்தி என்னவெனில், அந்த ஹிதாயா கம்பெனியின் அலமாரியிலும் இருந்தது. வாரன் ஹேஸ்டிங்ஸின் முயற்சியால் சார்லஸ் ஹாமில்டன் அதை ஆங்கிலத்தில் பெயர்த்து 1791இல் வெளியிட்டிருந்தார். கம்பெனி நீதிமன்றங்களில் முஃப்திகள் சட்ட அலுவலர்களாக அமர்ந்து அதன்படி கருத்துரைத்து வந்தார்கள்.

அங்ஙனமாயின் பரேலி ஏன் கொதித்தது? வரியின் நோக்கத்தில் குறையில்லை. பங்கீட்டிலும் வசூலிலும் குறை இருந்தது. தம் சொந்தக் காவலரை வைத்திருந்த குடும்பங்களுக்கு இது தேவையற்ற சுமையாயிற்று. புதிய காவலர்கள் மொஹல்லாவுக்குக் கட்டுப்பட்டவர்களாக இல்லாமல் கோத்வாலின் ஆட்களாக இருந்தார்கள். நகரமோ அந்தக் கோத்வாலை வெறுத்தது. கூலியைத் தருவது மக்கள், வேலை வாங்குவது அதிகாரி என்ற நிலை அது. பாடக்பந்தியை நினைவிற்கொள்வோர் இதன் கசப்பை உணர்வார்கள்.

முஃப்தி முஹம்மது இவஸ் முதுமையும் பெருமதிப்பும் உடையவர். மக்கள் தம் முறையீட்டோடு அவரை நாடினார்கள்; அவர் வழியே விண்ணப்பமும் சென்றது. 1816 ஏப்ரல் 16 அன்று வசூலுக்கு வந்த கோத்வாலின் ஆட்கள் கடுமை காட்டியபோது ஒரு பெண் காயமுற்றாள். அவளைக் கட்டிலில் கிடத்தி முஃப்தியின் வாயிலுக்குக் கொண்டு வந்தார்கள். மாஜிஸ்திரேட்டிடம் செல்லுமாறு அவர் கூறினார். அங்கே முறைப்படி வழக்குத் தொடுக்குமாறு சொல்லி அனுப்பிவிட்டார்கள். இதைக் கேட்ட முஃப்தி, நீதியின் நிலை இதுவாயின் இந்நகரில் எவருக்கும் பாதுகாப்பில்லை என்று கருதி வீட்டை விட்டு வெளியேறினார். வழியில் நிகழ்ந்த மோதலில் மக்களில் சிலர் மாண்டனர், முஃப்தியும் காயமடைந்தார். ஊருக்கு வெளியே உள்ள ஷாஹ்தானா தர்காவில் அவர் தங்க, அங்கே பச்சைக் கொடி உயர்ந்தது. பீலிபீத், ஷாஜஹான்பூர், ராம்பூர் ஆகிய ஊர்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் வந்து சேர்ந்தார்கள். சௌகிதாரி வரியை நீக்க வேண்டும், கோத்வாலை ஒப்படைக்க வேண்டும், இறந்தோர் குடும்பத்துக்கு ஈடு வேண்டும் என்பன அவர்களின் கோரிக்கைகளுள் அடங்கும்.

ஏப்ரல் 21 அன்று பேச்சு முறிந்தது. அங்கிருந்த நீதிபதி ஒருவரின் இளவயது மகனை, ஆயுதமின்றிச் சென்றவனை, கூட்டத்தினர் கொன்றுவிட்டார்கள். இக்கொலையை எவ்வாற்றானும் நியாயப்படுத்த இயலாது. கேப்டன் பாஸ்கவனின் படையோடு நிகழ்ந்த சண்டையில் மக்கள் தரப்பில் முந்நூறுக்கும் மேற்பட்டோர் வீழ்ந்தனர். கம்பெனிப் படையில் 21 பேர் இறந்தனர். முஃப்தி தப்பிச் சென்றார்.

இந்நிகழ்ச்சியை மதவெறிக் கலகம் என்று எழுதி முடித்த ஆங்கிலேய ஆசிரியர்கள் உண்டு. விடுதலைப் போரின் முன்னோட்டம் என்று முழுமையாக ஏற்றுக்கொண்ட நம்மவர்களும் உண்டு. இரண்டும் நமக்கு நிறைவளிக்கவில்லை. கொடியின் நிறத்தையே பார்த்தவர்கள் கோரிக்கைப் பட்டியலைப் பார்க்கத் தவறினார்கள். மொஹல்லாவின் காவலருக்கு யார் எவ்வளவு தருவது, அக்காவலர் யாருக்குக் கட்டுப்பட்டவர் என்பதில்தான் தகராறு தொடங்கியது. அது ஒரு நகராட்சித் தகராறு.

காசியில் நீக்கப்பட்ட வரியைப் போலன்றி, பரேலியின் சௌகிதாரி வரி நீடித்தது. அதே 1816ஆம் ஆண்டில் 22ஆம் ஒழுங்குமுறைச் சட்டமாகப் புதிய வடிவம் பெற்றது. மொஹல்லாவாசிகளின் பஞ்சாயத்தே ஒவ்வொரு வீட்டின் பங்கையும் குறிக்கும் முறை அதில் வற்புறுத்தப்பட்டது. பின்னர் 1850இல் நகராட்சிகளுக்கான 26ஆம் சட்டம், சென்னை மாகாணத்தில் 1865ஆம் ஆண்டின் நகர மேம்பாட்டுச் சட்டம் என்று படிகள் பல. 1865 சட்டத்தின் கீழ் மதுரையும் திருச்சியும் 1866இல் நகராட்சிகளாயின. அச்சட்டத்திலும் காவலர் கூலி முன்னின்றது. நகரத்துக் காவல்துறைச் செலவில் நான்கில் மூன்று பங்கை நகராட்சியே ஏற்க வேண்டும் என்றிருந்தது. அச்சுமை பின்னர் நீங்கியது. ரிப்பன் பிரபுவின் 1882 மே தீர்மானத்துக்குப் பின் 1884ஆம் ஆண்டின் சட்டம் வந்து, தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களுக்கு இடம் விரிந்தது.

தமிழக நகராட்சிகளை ஒரு நூற்றாண்டு ஆண்டது 1920ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டம். அதன் 82ஆம் பிரிவில், நாம் முன்பு கண்ட ஆங்கிலக் கற்பனைக் குடித்தனக்காரர் அமர்ந்திருக்கிறார். மாதத்துக்கோ ஆண்டுக்கோ நியாயமாக எதிர்பார்க்கத்தக்க வாடகையே மதிப்பு. அதில் கட்டிடத்துக்குரிய பகுதியில் மட்டும் பத்தில் ஒன்றைப் பழுதுபார்ப்புக்காகக் கழிக்க வேண்டும். சென்னை மாநகராட்சியின் கணக்கில் மாத வாடகை மதிப்பை 12ஆல் பெருக்காமல் 10.92ஆல் பெருக்குவதைக் கண்டு வியப்போர் உண்டு. வாடகையில் பத்தில் ஒரு பங்கு நிலத்துக்கு, ஒன்பது பங்கு கட்டிடத்துக்கு என்று வைத்து, அந்த ஒன்பது பங்கில் பத்திலொன்றைக் கழித்தால் 12 மாதம் 10.92 ஆகிறது. உரிமையாளரே குடியிருக்கும் வீட்டுக்கு 25 விழுக்காடு தள்ளுபடியும், நான்காண்டுக்கு மேற்பட்ட கட்டிடத்துக்கு ஆண்டுக்கு ஒரு விழுக்காடு வீதம் 25 வரை தள்ளுபடியும் அம்முறையில் இருந்தன. காசி மனுவின் முதல் வாதத்துக்கு, நூற்றாண்டுகள் கடந்து, கால்பங்கு வெற்றி கிடைத்தது என்று கொள்ளலாம்.

வழிபாட்டிடங்களுக்கான விலக்கு 83ஆம் பிரிவில் உண்டு. நம் ஜமாஅத் நிர்வாகிகள் சிலர் இதைப் பிழையாக விளங்கி வைத்திருக்கிறார்கள். பள்ளிவாசலின் சொத்து என்பதால் விலக்கு கிடைப்பதில்லை. பொது வழிபாட்டுக்கு ஒதுக்கப்பட்டு அதற்கே பயன்படுவதால் கிடைக்கிறது. வக்ஃபுக்கு உரிய கடைவரிசை வாடகை ஈட்டுமாயின் அதற்கு வரி உண்டு. வரி பாக்கி அந்தச் சொத்தின் மீதே முதற்கடனாக நிற்கும். முத்தவல்லி மாறினாலும் அது மாறாது. அறக்கட்டளைக் கணக்கில் இதை ஆண்டுதோறும் தனியாக எழுதி வைக்காத இடங்களில் பின்னாளில் பெருந்தொகை ஒன்றாக வந்து விழுவதை நாம் கண்டிருக்கிறோம்.

ஐந்தாண்டுக்கு ஒருமுறை மதிப்பை முழுமையாகத் திருத்த வேண்டும் என்பது 1920 சட்டத்தின் ஏற்பாடு. திருத்தும்போது அறிவிப்புத் தர வேண்டும். வீட்டுக்காரர் மறுசீராய்வு கோரலாம். பின் மேல்முறையீடு செய்யலாம். பரேலியில் இல்லாதிருந்தது இதுவே. இவ்வேற்பாட்டின் வலிமைக்குக் குண்டூர் வீட்டு வரி செலுத்துவோர் சங்கத்தின் வழக்கு நற்சான்று. அந்நகராட்சியும் 1920 சட்டத்தின் கீழ் இருந்ததே. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி நியாய வாடகை எதுவோ அதற்கு மேல் நகராட்சி ஆண்டு மதிப்பைக் குறிக்கக்கூடாது, அந்த நியாய வாடகை இன்னும் முறைப்படி நிர்ணயிக்கப்படாவிட்டாலும் இதுவே விதி என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கற்பனைக் குடித்தனக்காரரும் சட்டத்துக்குப் புறம்பான வாடகை தர மாட்டார் என்பது அதன் தருக்கம்.

நடைமுறையில் ஐந்தாண்டு விதி காகிதத்தில் தங்கிவிட்டது. வரியை உயர்த்தி வாக்கை இழக்க எந்த ஆட்சியும் விரும்பவில்லை. சென்னையில் 1998இலும் பிற நகரங்களில் 2008இலும் செய்த திருத்தமே நெடுநாள் நின்றது. 2018இல் உயர்த்தியதை 2019 நவம்பரில் நிறுத்தி வைத்தார்கள். 2022 ஏப்ரலில் அறிவித்த உயர்வில், சென்னையின் பழைய பகுதிகளில் 600 சதுர அடிக்கு உட்பட்ட வீட்டுக்கு 50 விழுக்காடு, 1,800 சதுர அடிக்கு மேற்பட்டதற்கு 150 விழுக்காடு. பிற மாநகராட்சிகளில் 25 முதல் 100 வரை. உள்ளாட்சி மானியம் பெறுவதற்குச் சொத்து வரியின் குறைந்தபட்ச வீதத்தை அறிவித்தாக வேண்டும் என்று 15ஆவது நிதிக்குழு விதித்த நிபந்தனையும் இதற்கொரு காரணம். இங்கிலாந்தின் கதையும் இதுவே. பழைய வாடகை மதிப்பு முறையைக் கைவிட்டு 1990இல் தலைவரியைக் கொண்டு வந்து, லண்டன் வீதிகளில் கலவரத்தைக் கண்டு, 1993இல் வீட்டின் விலையை அளவாகக் கொண்ட வரிக்குத் திரும்பினார்கள். அங்கு இன்றும் 1991 ஏப்ரல் மாத விலையே அளவுகோல். ஒழுங்காகச் சிறிது சிறிதாகத் திருத்தாமல் விட்ட இடமெல்லாம் ஒருநாள் பெருஞ்சுமையாக இறங்குகிறது. பங்கீட்டின் அநீதி உயர்ந்த வீதத்தால் மட்டும் நேர்வதில்லை. ஒரே தெருவில் பழைய மதிப்பில் நிற்கும் பெரிய வீடும் புதிய மதிப்பில் கட்டிய சிறிய வீடும் அடுத்தடுத்து இருக்கும்போது, அதிகம் தருவது சிறிய வீட்டுக்காரராகவே இருக்கிறார்.

1920 சட்டத்தின் இடத்தை 1998ஆம் ஆண்டில் இயற்றிய நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் 2023 ஏப்ரல் 13 முதல் எடுத்துக்கொண்டது. தெருவின் வகை, பயன்பாடு, பரப்பு என்பவற்றைக் கொண்டு சதுர அடிக் கணக்கில் மதிப்பு பிறக்கிறது. வீட்டுக்காரரே தம் கட்டிடத்தின் அளவைப் படிவத்தில் எழுதித் தருகிறார். மொஹல்லா பஞ்சாயத்தின் இடத்தில் இன்று இருப்பது அந்தப் படிவம். பரப்பளவுக் கட்டம், பயன்பாட்டுக் கட்டம், கட்டிய ஆண்டு ஆகிய மூன்றையும் நிரப்புவது வீட்டுக்காரரின் கை. தெரு எந்த வகையைச் சேர்ந்தது என்பதை மட்டும் இன்னும் அலுவலகமே குறிக்கிறது. அறிவிப்பு வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.